மத்யமாவதியும் ஒரு தொங்கும் கார்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நூற்பாலை இயந்திரப் பராமரிப்பு பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும் என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். பன்னிரண்டு மாதமும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்று ஒரு நாள் விடுங்கள் என்று கெஞ்சி வேறு தலைப்பு வாங்கியிருக்கிறேன். போன மாதம் நம் கல்லூரி மெல்லிசைக் குழுவின் ஒத்திகையைப் பார்க்க வந்தபோது கீபோர்டு வாசிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "அண்ணே, மேஜர் கார்டு சந்தோஷம், மைனர் கார்டு சோகம்னு சொல்லிக் குடுத்தாங்க. இந்த செவன் சஸ் ஃபோர் என்ன? சந்தோஷமா, சோகமா?" நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் பாடகர் தம்பி, "அதெல்லாம் வெஸ்டர்ன் சமாச்சாரம், நம்ம ராகப் பாட்டுக்கு அது ஒட்டாது" என்று முடித்துவிட்டார். ஒருவர் கேள்வி, ஒருவர் தீர்ப்பு. இரண்டுக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு ஆர்மோனியமும் இருக்கிறது. நாகல் நகரிலிருந்து சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தது. கொஞ்சம் காற்று ஒழுகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார்டு என்றதும் ரேஷன் கார்டை நினைத்துக்கொள்கிற பெரியவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். மூன்று நான்கு ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலித்தால் அது கார்டு. நம் சங்கீதத்தில் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வரும். மேற்கத்திய ஹார்மனியில் ஒன்றாகக் கூடி உட்காரும். மிகச் சாதாரணமான கூட்டம் ஸ, க, ப. இதில் ஸாவும் பாவும் எந்த மனநிலையையும் சொல்லாது. கா-தான் சேதி சொல்கிற ஆள். அந்தர காந்தாரமாக இருந்தால் மேஜர், முகம் மலர்ந்திருக்கும். சாதாரண காந்தாரமாக இருந்தால் மைனர், முகம் வாடியிருக்கும். சஸ் ஃபோர் என்பது அந்தக் கா-வை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் சுத்த மத்யமத்தை உட்கார வைப்பது. சேதி சொல்கிற ஆளே இல்லை. ஆகவே அந்த மாணவியின் கேள்விக்கு நேர் பதில்: சந்தோஷமும் இல்லை, சோகமும் இல்லை. ஆனால் அதோடு விட்டால் பாதி பதில்தான்.

இப்போது டாமினன்ட் செவன்த். இது ப-வின் மேல் கட்டுகிற கார்டு. ஒரு கட்டை சுருதியில், அதாவது சி-யை ஸ என்று வைத்துக்கொண்டால், ஜி தான் ப. அதன் மேல் ப, நி, ரி, ம. கீபோர்டில் ஜி, பி, டி, எஃப். இதன் குணம் என்ன என்று பாடம் நடத்துவதைவிட ஒரு சோதனை செய்வோம். நான் பாடுகிறேன், கேளுங்கள்: ஸ ரி க ம ப த நி...

(அரங்கில் பலர்: "ஸா!")

பாருங்கள், யாரும் உங்களைக் கேட்கவில்லை. நீங்களாகவே முடித்துவிட்டீர்கள். காகலி நிஷாதம் ஸ-வின் வாசலில் நிற்கிற ஸ்வரம். உள்ளே வராமல் அது நின்றால் நமக்கு இருப்புக் கொள்ளாது. டாமினன்ட் செவன்த்தில் அந்த நி இருக்கிறது. அதோடு நி-க்கும் ம-வுக்கும் நடுவே ஒரு ஸ்தாயியில் சரிபாதி தூரம். ஒன்றோடொன்று ஒட்டாத ஜோடி. நி மேலே ஏறி ஸ-வாகத் துடிக்கும், ம கீழே இறங்கி க-வாகத் துடிக்கும். இரண்டும் நகர்ந்தால் ஸ, க. பாட்டு வீடு வந்து சேர்ந்துவிடும். மேற்கத்திய இசையில் 300 வருடத்துக்கும் மேலாகப் பாட்டு முடிவதென்றால் பெரும்பாலும் இந்த ஒரு நகர்வுதான்.

இனி நம் ஆள். செவன் சஸ் ஃபோரில் அந்த நி-யை எடுத்துவிட்டு ஸ-வைப் போடுகிறோம்: ப, ஸ, ரி, ம. ஜி, சி, டி, எஃப். கடைசியில் வந்து உட்கார வேண்டிய ஸ, இலை போடுவதற்கு முன்பே பந்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாசூக்காக, "கொஞ்சம் எந்திரிங்க" என்று நி-க்கு இறக்குகிறோம். அப்புறம் இலை போட்டு மறுபடி ஸ-வில் உட்கார வைக்கிறோம். வாசித்துக் காட்டுகிறேன். (வாசித்தல்.) இது சஸ்... இது செவன்த்... இது வீடு. நடுவில் நகர்ந்தது ஒரே ஒரு விரல், அதுவும் ஒரே ஒரு கட்டை தூரம். ஆனால் நெஞ்சில் ஏதோ இறங்கியது போல இருக்கிறதல்லவா?

தொங்கவிடப்பட்டது என்ற பொருள்பட அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு தேவாலயப் பாடகர் குழுவைப் பார்க்க வேண்டும். நான்கு குரல்கள் சேர்ந்து பாடும்போது மூன்று குரல்கள் அடுத்த கார்டுக்கு நகர்ந்துவிடும். ஒரு குரல் மட்டும் பழைய ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். புதிய கூட்டத்தில் அது ஒட்டாது, அந்தரத்தில் தொங்கும். ஒரு தட்டு கழித்து ஒரு படி கீழே இறங்கிச் சேர்ந்துகொள்ளும். முதலில் நியாயமான உறுப்பினர், அப்புறம் ஒட்டாத விருந்தாளி, அப்புறம் இறக்கம். இந்த மூன்று கட்டமும் 16-ஆம் நூற்றாண்டில் பாலஸ்த்ரீனா காலத்து தேவாலய இசையிலேயே ஒழுங்காக இருந்தன. 1725-இல் வியன்னாவில் ஃபுக்ஸ் என்பவர் அதைப் பாடநூலாகவே எழுதிவைத்தார். நம் ஊர் வளனார் பேராலயத்தின் பக்கம் பண்டிகை நாளில் போயிருந்தால் பாடல் முடிகிற இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஆர்கன் வாசிப்பவர் கடைசிக்கு முந்தின கார்டில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வைத்துப் பிறகு இறக்குவது காதில் விழும்.

தமிழ்நாட்டுக் காதுக்கு ஹார்மனி வந்த பெரிய வழி இதுதான், தேவாலயம். அங்கிருந்தும் பியானோ வகுப்புகளிலிருந்தும் அது சினிமாவுக்குப் போனது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் மேற்கத்திய இசையை முறையாகக் கற்றவர்களில் ஒருவர் பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா. அப்போது பண்ணைப்புரமும் திண்டுக்கல்லும் ஒரே மதுரை மாவட்டம். நம் மாவட்டம் பிரிந்ததே 1985-இல்தானே. அவர் 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். இரண்டு பெயரையும் ஒரே அட்டையில் போடுகிற துணிச்சல் அதற்கு முன்னால் நம் பக்கத்தில் யாருக்கு இருந்தது?

மேற்கிலேயே இந்தத் தொங்கும் கார்டு ஒரு கட்டத்தில் இறங்க மறுத்துவிட்டது. 1964-இல் பீட்டில்ஸ் குழுவின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு ஒரே ஒரு கார்டோடு திறக்கும். டங் என்று ஒரு அடி, அவ்வளவுதான். அது என்ன கார்டு என்று இன்றுவரை சண்டை. ஜி செவன் சஸ் ஃபோர் என்பது பலரும் சொல்கிற பெயர்களில் ஒன்று. கனடாவில் ஜேசன் பிரவுன் என்ற கணிதப் பேராசிரியர் அந்தச் சில வினாடி ஒலியை ஃபூரியர் முறையில் அலைவரிசைகளாகப் பிரித்துப் பார்த்து, கிட்டார்களோடு ஒரு பியானோவும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்று சொன்னார். மூன்றாம் செமஸ்டரில் "சார், இந்த ஃபூரியர் எதுக்கு சார் உதவும்?" என்று கேட்ட என் வகுப்புத் தோழர்கள் இங்கே நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குத்தான் உதவும்! அடுத்த வருடம் 1965-இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 'மெய்டன் வாயேஜ்' வெளியிட்டார். அந்த உருப்படி முழுவதும் இதே வகைக் கார்டுகள்தான். ஒன்று இன்னொன்றுக்கு நகரும், ஆனால் எதுவும் வீட்டுக்கு இறங்காது. கப்பல் கரையைத் தொடாமல் மிதந்துகொண்டே இருக்கிற மாதிரி.

இதுவரை சொன்னது புத்தகத்தில் இருப்பது. இனி சொல்லப்போவது இந்தக் கல்லூரியில் நடந்தது.

நான் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரி நாள் விழாவின் கடைசி உருப்படிக்கு நாங்களே மெட்டமைத்த ஒரு பாட்டு. நான் ரிதம் கிட்டார். பாடியவன் நாகல் நகரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவன். சின்ன வயதிலிருந்தே மார்கழி பஜனையில் பாடிப் பாடித் தேறிய தொண்டை. கீபோர்டு வாசித்தவன் தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவன். நோட்ஸ் பார்த்தாலே விரல் ஓடும். இரண்டு பேரும் எனக்கு உயிர் நண்பர்கள். பாட்டு ஐந்து கட்டையில், மத்யமாவதி சாயலில். கடைசி வரியில் பாடகன் ஸ-வில் வந்து நிற்கிறான், அதாவது ஜி-யில். கீபோர்டுக்காரன் அதன் கீழே இடது கையில் ஜி, வலது கையில் எஃப், ஏ, சி என்று ஒரு கார்டு போட்டான். கேட்க அற்புதமாக இருந்தது. அத்தோடு விட்டானா? இரண்டு தட்டு கழித்து அவன் கை தானாக சி மேஜருக்குப் போனது.

"டேய், பாட்டு முடிஞ்சுருச்சு. நீ எங்கடா போற?"

"முடியலைடா. தொங்கிக்கிட்டு நிக்குது. நான் இறக்குறேன்."

"தொங்குதா? அது மத்யமாவதிடா! அதுக்கு மேல முடியறதுக்கு என்னடா இருக்கு?"

வேடிக்கையாக ஆரம்பித்தது வினையாகிவிட்டது. இரண்டாம் நாள் ஒத்திகையில் ஒருவன் மற்றவனைப் பார்த்து "உனக்கு சங்கீதம் தெரியாது" என்றான். மற்றவன் "உங்க பாட்டுக்கு என் கை எதுக்கு" என்று கீபோர்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டான். வீட்டைப் பற்றி, தெருவைப் பற்றி, கும்பிடுகிற சாமியைப் பற்றி எல்லாம் வார்த்தை நீண்டது. இருபது வயதில் அதெல்லாம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். மறுநாள் மாலை நிகழ்ச்சி.

இருவரையும் தள்ளிக்கொண்டு போய் நாகல் நகரில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் விட்டேன். நெசவு வேலையை விட்ட பிறகு அந்தப் பெட்டி ஒன்றுதான் அவருக்குத் துணை. இந்தப் பக்கத்து சௌராஷ்டிர மக்களுக்குப் பாட்டு என்பது பொழுதுபோக்கு அல்ல. தியாகராஜரின் நேர்ச் சீடரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரே எங்கள் ஆள் என்று மார்தட்டுகிற கூட்டம். பெரியவர் இரண்டு கட்சியின் வாதத்தையும் கேட்டார். பதில் சொல்லவில்லை. ஆர்மோனியத்தில் ஐந்து கட்டை ஜி-யை மட்டும் ஒரு நிமிடம் நிறுத்திப் பிடித்தார். அலுக்கிற அளவுக்குப் பிடித்தார். பிறகு அதன் மேலேயே ஜி, ஏ, சி, டி, எஃப் ஐந்தையும் ஒன்றாக அமுக்கினார். சாந்தமாக, நிறைந்து நின்றது. எல்லாவற்றையும் விட்டார். இப்போது ஒரு கட்டை சி-யை மட்டும் அதேபோல ஒரு நிமிடம் பிடித்தார். மறுபடி அதே ஐந்து கட்டைகள். அதே பெட்டி, அதே விரல்கள். ஆனால் சத்தம் அந்தரத்தில் தொங்கியது. எங்கேயோ போக வேண்டும் என்று கேட்டது. "காபி சாப்பிடுறீங்களா?" என்றார். அவ்வளவுதான் பஞ்சாயத்து.

அவர் காட்டியதைக் கணக்காகச் சொல்கிறேன். இதுதான் இன்றைய பேச்சின் மையம். காபி இடைவேளையை நினைக்கிறவர்கள் ஐந்து நிமிடம் இங்கே வாருங்கள்.

செவன் சஸ் ஃபோரில் நான்கு ஸ்வரம். இன்னொன்று சேர்த்து நைன் சஸ் ஃபோர் என்று வாசிப்பது இன்னும் வழக்கம்: ஜி, சி, டி, எஃப், ஏ. என் நண்பன் வாசித்தது இதில் டி-யை விட்டுவிட்டு. அந்த டி பாட்டிலேயே இருந்தது. சி-யை ஸ என்று வைத்தால் இந்த ஐந்தும் ஸ, ரி, ம, ப, த. அதாவது சுத்த சாவேரியின் ஸ்வரங்கள், ப-வை அடியில் வைத்து. ஜி-யை ஸ என்று வைத்தால் அதே ஐந்தும் ஸ, ரி, ம, ப, நி. கைசிகி நிஷாதம். மத்யமாவதி! கரஹரப்பிரியாவில் பிறந்த, கா-வும் தா-வும் இல்லாத ராகம். சியாமா சாஸ்திரியின் 'பாலிஞ்சு காமாக்ஷி', தியாகராஜரின் 'விநாயகுநி' எல்லாம் இதில்தான். கச்சேரி முடிவில் இதைப் பாடினால் அதுவரை பாட்டில் நேர்ந்த குறைகள் எல்லாம் நீங்கும் என்பது பரம்பரை நம்பிக்கை. மங்களத்தை சௌராஷ்டிர ராகத்தில் பாடினாலும் (ராகத்தைத்தான் சொல்கிறேன், எங்கள் தெருவை அல்ல) கடைசியில் மத்யமாவதியைத் தொட்டுத்தான் தம்பூராவை உறையில் போடுவார்கள்.

இதில் இருக்கிற விந்தையைக் கவனியுங்கள். அங்கே, இன்னும் முடியவில்லை, கொஞ்சம் பொறு என்று சொல்வதற்கு எந்த ஐந்து ஸ்வரத்தைச் சேர்த்து வைத்தார்களோ, அதே ஐந்து ஸ்வரத்தை இங்கே, எல்லாம் முடிந்தது, சுபம் என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். என் இரண்டு நண்பர்களும் கேட்டது ஒரே சத்தம். ஒருவன் காதில் அந்தப் பாட்டின் வீடு சி, இன்னொருவன் காதில் வீடு ஜி.

ஏன் இப்படி என்பதற்குப் பொறியாளன் என்ற முறையில் எனக்கு ஒரு விளக்கம் உண்டு. டாமினன்ட் செவன்த்தில் துடிப்பு உண்டாக்குகிற நி-ம ஜோடி சஸ் கார்டில் இல்லவே இல்லை. இன்னும் சொன்னால், அந்த ஐந்து ஸ்வரத்தில் எந்த இரண்டும் அடுத்தடுத்த கட்டையில் இல்லை. நெருடலே கிடையாது. ஆகவே அதன் தொங்கல் சத்தத்துக்குள் இல்லை; கேட்கிறவன் முன்னால் எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதில் இருக்கிறது. இன்னொன்று. இந்த ஐந்து ஸ்வரங்களையும் ஸ-ப உறவில் அடுக்கிப் பாருங்கள். எஃப்-க்கு ப சி. சி-க்கு ப ஜி. ஜி-க்கு ப டி. டி-க்கு ப ஏ. எஃப், சி, ஜி, டி, ஏ. ஐந்து கண்ணிகள் கொண்ட ஒரு சங்கிலி. நடுக்கண்ணி எது? ஜி. மத்யமாவதியின் ஸ. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கண்ணி, தராசு மாதிரி.

கட்டைகளை எண்ணினாலும் அதே கதைதான். ஸ-விலிருந்து ரி இரண்டு கட்டை, அங்கிருந்து ம மூன்று, ப இரண்டு, நி மூன்று, மேல் ஸ இரண்டு. 2, 3, 2, 3, 2. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே, 'விகடகவி' மாதிரி. கிரகபேதத்தில் இதே சங்கிலியிலிருந்து மோகனம், இந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி என்று இன்னும் நான்கு ராகங்கள் பிறக்கின்றன. அவற்றில் எதற்கும் இந்தச் சமநிலை கிடையாது. முடிவுக்கு மத்யமாவதியைத் தேர்ந்தெடுத்த பெரியவர்கள் கட்டை எண்ணிப் பார்த்தார்கள் என்று சொல்ல மாட்டேன். காது எண்ணியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இடத்தில் என் மில்லைக் கொஞ்சம் உள்ளே விடுகிறேன். வேடசந்தூர் ரோட்டில் எந்த நூற்பாலைக்குள் போனாலும், பக்கத்துப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றுகிற இரண்டு ஃபேன்களிடமிருந்து உவ்வ்... உவ்வ்... என்று ஒரு அலைச் சத்தம் வரும். இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம்தான் அந்த உவ்வ். கீபோர்டிலும் ஆர்மோனியத்திலும் அது உண்டு. பன்னிரண்டு கட்டையையும் சரிசமமாகப் பங்கிட்டதால் எதுவும் இயற்கை விகிதத்தில் சரியாக உட்காருவதில்லை. அதிகம் அடிபட்டது காந்தாரம்தான். நடு ஸ்தாயி சி-யோடு ஈ-யை, அதாவது ஸ-வோடு அந்தர காந்தாரத்தைச் சேர்த்து அமுக்கினால் வினாடிக்குச் சுமார் 10 அலை. அதே சி-யோடு எஃப், அதாவது மத்யமம் என்றால் வினாடிக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே. கா இல்லாத சஸ் கார்டு ஆர்மோனியத்தில் ஏன் இவ்வளவு தெளிவாக, கழுவிவிட்ட தரை மாதிரி ஒலிக்கிறது என்பதற்கு இது ஒரு காரணம். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை வெளியே நிறுத்தி, 1971 வரை உள்ளே விடாமல் வைத்திருந்ததற்கு, கமகம் வராது என்பதோடு இந்த சுருதிக் குறையையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். எங்கள் பஜனைப் பெட்டிகள் வானொலி கேட்டுப் பயப்படவில்லை என்பது வேறு விஷயம்.

தம்பூராவில் ஸ தந்தியை மீட்டினால் அதன் ஐந்தாவது துணை அதிர்வாக ஒரு காந்தாரம் தானாகவே கேட்கும். நாம் எழுப்பி அனுப்பிய கா, வாசலுக்கு வெளியே நின்று முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

வித்வான்கள் யாராவது இங்கே இருந்தால் எழுந்து வந்து அடிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஐந்து கட்டையை ஒன்றாக அமுக்குவது மத்யமாவதி ஆகாது. ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் அல்ல. மத்யமாவதியின் ரி-யும் நி-யும் அசைகிற அசைவில்தான் அந்த ராகமே இருக்கிறது. கட்டையில் அசைவு கிடையாது. கார்டு என்பது ராகத்தின் நிழல். ஆனால் பாடகருக்குக் கீழே விரிக்கிற பாயாக அந்த நிழல் போதும். பாடகர் தம்பிக்கு நான் சொல்வது இதுதான்: நீ மத்யமாவதி பாடும்போது கீபோர்டில் ஜி மேஜர் போட்டால் அதில் அந்தர காந்தாரம் வந்து ராகத்தைக் கெடுக்கும். ஜி மைனர் போட்டால் சாதாரண காந்தாரம். அதுவும் உன் ராகத்தில் இல்லை. உன் ராகத்தை முழுசாகத் தாங்கக்கூடிய கார்டு என்று ஒன்று இருந்தால் அது, ஒட்டாது என்று நீ தள்ளிவிட்ட இந்த சஸ் கார்டுதான். கீபோர்டு தங்கைக்கும் ஒரு வார்த்தை. இதைக் கற்றுக்கொண்டோம் என்று எல்லா ராகத்துக்கும் தூவாதீர்கள். மோகனத்தில் கா உண்டு, மா கிடையாது. அங்கே ஸ-வின் மேல் சஸ் ஃபோர் போட்டால் ராகம் ஊரைவிட்டே ஓடிவிடும். அங்கே ம-வுக்குப் பதில் ரி-யைச் சேருங்கள், பொருந்தும்.

அந்தக் கல்லூரி நாள் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். காபி குடித்த பிறகு இரண்டு பேரும் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேறு ஒரு முடிவு எடுத்தார்கள். அறிமுக இசையிலிருந்தே ஜி-யை அடிநாதமாக ஒரு விரலால் பிடித்துக்கொண்டே இருப்பது என்று. பாட்டு முடியும்போது மொத்த அரங்குக்கும் ஜி வீடாகிவிடும்; அப்புறம் அந்தக் கார்டை எவ்வளவு நேரம் பிடித்தாலும் தொங்காது. அப்படியே செய்தோம். கடைசிக் கார்டு அப்படியே கரைந்து ஓய்ந்தது, யாரும் எங்கும் போகவில்லை. கீபோர்டுக்காரன் இன்று துபாயில் இருக்கிறான். பாடகன் இங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் பெயரைச் சொல்லிவிடுவேனோ என்று முறைத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் வாரம் ஒருமுறை போனில் பேசிக்கொள்கிறார்கள், பெரும்பாலும் என்னைத் திட்டி.

கிட்டார் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம் கொடுத்து முடித்துக்கொள்கிறேன். தடித்த தந்தி ஆறாவது, அதைத் தொடாதீர்கள். ஐந்தாவது தந்தி திறந்து. நான்காவதில் இரண்டாம் கட்டம். மூன்றாவது திறந்து. இரண்டாவதில் மூன்றாம் கட்டம். முதலாவது திறந்து. இது ஏ செவன் சஸ் ஃபோர். ஒரு தடவை மீட்டிவிட்டு, இரண்டாவது தந்தியில் இருக்கிற விரலை மட்டும் ஒரு கட்டம் பின்னால் இழுங்கள்: ஏ செவன். அங்கிருந்து டி மேஜர். வந்துவிட்டீர்கள். இதைப் பத்து தடவை செய்த பிறகு, ஐந்தாவது தந்தி ஏ-யை மட்டும் ஒரு நிமிடம் தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அதன் மேல் அதே சஸ் கார்டை மறுபடி மீட்டுங்கள். டி-க்குப் போகாதீர்கள். உங்கள் கை போகத் துடிக்கிறதா, அல்லது அங்கேயே இருக்கச் சம்மதிக்கிறதா என்று பாருங்கள். இன்று மாலை மெல்லிசைக் குழு நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள், ஆர்மோனியம் அங்கேதான் இருக்கும்.